இடதுகைத் தேய்வு

முதலில் ஒரு சிறு வேண்டுகோள். அந்தத் துப்பாக்கியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் வியர்க்கும், ஒரே வாரத்தில் துரு பிடித்துவிடும். வெறும் பருத்தித் துணி போதும், அதில் ஒரு சொட்டு எண்ணெய். அதோடு கிடைத்த தோல் உறைக்குள்ளும் வைக்க வேண்டாம். தோலைப் பதப்படுத்திய உப்பு இரும்பைத் தின்றுவிடும்; புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு அதுதான். நேற்று உங்கள் போலீஸ்காரர்களில் ஒருவர் அதைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்றபடி நான் மறைப்பதற்கு ஒன்றுமில்லை ஐயா. காப்பி நன்றாக இருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

என் பெயர் லோவெல் க்ரெய்டர். ஹார்லன்ஸ் ஃபெர்ரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். உங்கள் தகப்பனாருக்கும் நான்தான் கண்ணாடி செய்து கொடுத்தேன் என்று நினைக்கிறேன். தடித்த கறுப்பு ஃபிரேம், வலது கண்ணுக்குப் பவர் அதிகம். உருக்காலையை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். என் மனைவி ஹேசலும் ஃப்ளோரிடாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "என்னப் பாத்ததவிட அந்த இரும்புத் துண்டுகளத் தொடச்சதுதான் நீ அதிகம்" என்றாள். அது அநியாயமான குற்றச்சாட்டு. நான் எதையும் துடைப்பதே இல்லை.

போர்க்காலக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். பெரும்பாலானவர்களுக்குப் புத்தம் புதியது வேண்டும். தொழிற்சாலையில் இரும்புக்கு ஏற்றிய நீலப்பூச்சு கலையாமல், ஒரு கீறல் இல்லாமல், பெட்டியோடு இருந்தால் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு அது பிடிக்காது. எங்கும் போகாத, யார் கையிலும் இருந்திராத ஒன்றிடம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்குத் தேய்ந்தவைதான் வேண்டும். உறைக்குள் போய்ப் போய் வந்ததால் குழல் முனையில் நீலம் கரைந்து வெள்ளையாகியிருக்கும். விசையில் ஒரு விரலின் அளவுக்கு மட்டும் பழுப்பு ஏறியிருக்கும். அவற்றைப் பார்த்தே அந்த மனிதனின் கை சிறியதா பெரியதா, அவன் குதிரையில் போனானா லாரியில் போனானா என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். அதை மெருகு போட்டு மறுபடி நீலம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒஹாயோக்காரர் ஒருவர் தன் அப்பா கொண்டுவந்த துப்பாக்கிக்கு நிக்கல் முலாம் பூசி எடுத்துவந்து பெருமையாகக் காட்டினார். நான் அவரோடு கை குலுக்கவில்லை. சில காரியங்களுக்கு மன்னிப்பு கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

எமில் துர்ச்சானைப் பற்றிக் கேட்டீர்கள். உருக்காலையின் உலைக்களத்தில் வேலை பார்த்தவர். என்னைவிட ஐந்து வயது பெரியவர். முப்பது வருடப் பழக்கம். வெள்ளை நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவருக்கு. கடைசியில் நடுப்பார்வை போயிற்று, பிறகு ஓரமும் போயிற்று. இனி சரிவராது என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். "சரி போ, உன் மூஞ்சியப் பாக்குற தண்டனையாச்சும் தீந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவரை வெளியே அழைத்துப் போவது என் வேலையாயிற்று. சவரக்கடை, மாதா கோவில், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோவில் கூடத்தில் மீன் வறுவல். பார்வை இல்லாதவர்களை நாம் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது ஐயா. அவர்கள்தான் நம் முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் அரை அடி முன்னால் நடந்து, "படி", "பள்ளம்", "இந்தப் பக்கம்" என்று சொன்னால் போதும். எமில் நான் சொன்ன சொல்லுக்கு அப்படியே கால் வைப்பார். மகள் டோலோரஸ் சொன்னால்கூட ஒரு முறை தயங்கிவிட்டுத்தான் வைப்பார். "அவளுக்கு வலது எது இடது எதுன்னே தெரியாது. உன்ன நம்பலாம்டா" என்பார்.

போரிலிருந்து அவர் கொண்டுவந்த துப்பாக்கி பிஸ்கட் டின் ஒன்றில், சமையலறைக் குளிர்ப்பெட்டியின் மேல் இருந்தது. ஜெர்மானிய லூகர். லூகரை யார் வேண்டுமானாலும் வைத்திருப்பார்கள். ஆனால் இது அவர்களுடைய விமானப்படைக்கென்று ஒரு சிறிய தொழிற்சாலை செய்தது. அந்த முத்திரை உள்ளதை என் வாழ்நாளில் மொத்தமாகவே நான்கைந்துதான் பார்த்திருக்கிறேன், எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். எல்லாப் பாகங்களிலும் ஒரே எண். பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டிலும் அதே எண். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மரப் பிடியில் விரல் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் செதுக்கியிருப்பார்கள். எல்லாருடைய துப்பாக்கியிலும் இடப்பக்கக் கட்டம்தான் தேய்ந்திருக்கும், கட்டைவிரல் அங்கே உட்காருவதால். இதில் வலப்பக்கம் வழவழவென்று குழிந்திருந்தது. அதை வைத்திருந்தவன் இடதுகைக்காரன். பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை பார்த்தேன். எமிலிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கு லூகர் என்றால் லூகர், அவ்வளவுதான்.

வருடா வருடம் கேட்டுப் பார்ப்பேன். சிரிப்பார். "நான் செத்தா டோலோரஸ் எடுத்து உன் கையில குடுப்பா. அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு பிரோகி தின்னு" என்று அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டை என் பக்கம் தள்ளுவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. காத்திருப்பதில் எனக்குச் சிரமம் கிடையாது.

போன மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மீன் வறுவலுக்குப் போய்விட்டு வந்து அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். டின்னை எடுத்துத் தரச் சொன்னார். மேசைமேல் வைத்துக்கொண்டு, திறக்காமலே பேச ஆரம்பித்தார்.

அப்போது அவர் ஜெர்மனியில் சிப்பாய், உலகப் போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு பண்ணைக் களஞ்சியத்திலிருந்து ஒரு பையன் வெளியே வந்தான். நீலச் சாம்பல் நிற உடுப்பு. இடது கையில் துப்பாக்கியைக் குழல் பக்கமாகப் பிடித்து, கொடுப்பதற்காகத் தூக்கிக் காட்டியபடி வந்தான். எமில் அவனை நோக்கி ஓடினார். அவருக்குப் பின்னால் அவர் படையாட்கள் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"சரணடஞ்சவன் துப்பாக்கின்னா அது லெப்டினன்டுக்குப் போயிடும். அதுதான் எங்க கூட்டத்துல வழக்கம். செத்தவன்கிட்ட எடுத்தா, யாரு முதல்ல எடுக்குறானோ அவனுக்கு. நான் அந்தத் துப்பாக்கியத்தான் பாத்தேன் லோவெல். பையனப் பாக்கவே இல்ல. சுட்டதுக்கப்புறம்தான் மூஞ்சியப் பாத்தேன். மீச கூட மொளைக்கல. என்ன மாதிரியே பீச்சாங்கைக்காரன்."

அவனுடைய சட்டைப்பையிலிருந்த படை அடையாளச் சீட்டை எடுத்துப் பெயரைப் படித்தாராம். அந்தப் பெயரை என்னிடம் சொன்னார். அவன் ஊரையும் சொன்னார். தினம் படுக்கப் போகுமுன் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படுப்பாராம், இறந்துபோன அவர் மனைவிக்குக்கூட அது தெரியாதாம்.

"சாமியார்கிட்ட சொல்லிட்டேன். நல்ல மனுசன். பத்து ஜெபம் சொல்லச் சொன்னாரு. சொன்னேன். பத்தல. இத ஆத்துல போடணும். பாலத்துக்குக் கூட்டிட்டுப் போ."

எமில் செய்தது பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு பொருளுக்காக, அதுவும் சரணடையக் கையைத் தூக்கி வந்த ஒருவனை. கேட்டபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அதற்காக ஆற்றில் போடுவதா? அந்தப் பையன் இந்த உலகத்தில் விட்டுச்சென்றது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கட்டைவிரல் குழி. அதை மோனங்ககீலா ஆற்றுச் சேற்றில் போட்டால் அவனை இரண்டாம் முறை கொல்வதாகும். நான் இதை உரக்கச் சொல்லவில்லை. என்னிடம் கொடுத்துவிடுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"உன்கிட்ட குடுத்தா என்ன பண்ணுவன்னு தெரியாதா? கண்ணாடிப் பெட்டியில வச்சு வெளக்குப் போட்டுக் காட்டுவ. நாலு பேரு வந்து ஆகாம்பானுங்க. இது ஆகா சொல்றதுக்கான சாமான் இல்லடா."

"யாருக்கும் காட்ட மாட்டேன் எமில்."

"நீயா? உனக்கு ஒரு நல்ல துப்பாக்கி கெடச்சாலே ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு நீ." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்குக் காலைல" என்றார்.

மழை என்று சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். யாருக்கும் நோகாமல் முடிக்கத்தான் பார்த்தேன், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என்னிடம் சாதாரண லூகர் ஒன்று இருந்தது. அதே வருடம், அதே எடை, பெரிய தொழிற்சாலையின் முத்திரை. அதுவும் தேய்ந்ததுதான், பாவம், இத்தாலி முழுக்க யாருடைய இடுப்பிலோ நடந்திருக்கிறது. அதற்குத் துரோகம் செய்கிறோமே என்று எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றுதான் என்றால் எது போக வேண்டும் என்பதில் குழப்பமில்லை. சனிக்கிழமை காலை அவர் ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது டின்னைத் திறந்து மாற்றினேன். கண் தெரியாதவர், முத்திரையைக் கண் தெரிந்த நாளிலும் பார்த்ததில்லை. இதில் தவறு நேர வழியே இல்லை என்று நினைத்தேன். அவருடையதை அவர் வீட்டுத் துண்டு ஒன்றில் சுற்றி என் காரில், இருக்கைக்கு அடியில் வைத்தேன்.

பாலத்தின் நடைபாதையில் யாருமில்லை. ஆலை ஓடிய நாளில் ஷிப்டு மாறும்போது அங்கே தோளிடிக்காமல் நடக்க முடியாது. நடுவில் ஓரிடத்தில் கைப்பிடிக் கம்பியைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். கட்டியிருந்த பலகையும் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றோம். எறிவதற்கு வசதியாக இருக்கும் என்றுதான் அங்கே நிறுத்தினேன். வேறு நோக்கம் எதுவும் அப்போது இருக்கவில்லை.

எமில் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பையனின் பெயரைச் சொன்னார், முழுப் பெயராக. பிறகு டின்னைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார், இடது கையால்.

முப்பது வருடமாக அவர் இடது கையால் முட்கரண்டி பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி. என் தொழில் கண் சம்பந்தப்பட்டது. தேய்மானத்தை நான் எப்போதும் கண்ணால்தான் பார்த்தேன். அதில் கட்டைவிரலை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. விரலில் உள்ள உப்பு படக் கூடாது என்று சேகரிக்கிற நாங்கள் எல்லாரும் கையுறை போட்டுத்தான் எடுப்போம். எமில் நாற்பது வருடத்துக்குமேல் அந்தக் குழியில் தன் விரலை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

அவர் விரல் பிடியின்மேல் இங்குமங்கும் தேடியது. பிறகு நின்றது.

"லோவெல், இது அது இல்ல."

அதை என் பக்கம் நீட்டினார்.

"குருடன்கிட்ட கள்ள நோட்ட நீட்டுறியா?" கோபமாகச் சொல்லவில்லை. கேலி செய்ய முயன்று, அது வராமல் போனதுபோல் இருந்தது. "என்னோடது எங்க?"

"பத்திரமா இருக்கு."

"அன்னிக்கு நான் ஓடினேன் பாரு, அதே ஓட்டம்தான்டா நீயும் ஓடுற." ஆற்றின் பக்கமாக முகத்தைத் திருப்பினார். "வண்டிய எடு. வீட்டுக்குப் போயி டோலோரஸ்கிட்ட சொல்றேன். அவ என்னக் கூட்டிட்டு வருவா. அதக் குடுத்துடு, நமக்குள்ள ஒண்ணுமில்ல. அடுத்த வெள்ளிக்கெழம மீன் வாங்கிக் குடு, அதோட சரி."

ஓட்டம் என்று எதைச் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போதும் சரியாகப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான்: டோலோரஸ் அதே வாரம் அதைக் கொண்டுவந்து போட்டுவிடுவாள். அவள் சொன்னதைச் செய்கிற பெண்.

எமில் என் முழங்கைக்காகக் கையை நீட்டினார். நான் ஓரடி விலகி நின்றேன்.

நான் அவரைத் தள்ளவில்லை ஐயா. அவரைத் தொடக்கூட இல்லை. "இந்தப் பக்கம், எமில்" என்றேன். அவர் கால் வைத்தார்.

தவறி விழுந்துவிட்டார் என்று மார்ச் மாதம் உங்களிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. நீங்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அவர் கையிலிருந்ததும் அவரோடு போயிற்று. அது நல்ல நிலையில் இருந்த ஒன்று. நான் காருக்கு வந்து, துண்டைப் பிரித்து, ஈரம் எதுவும் ஏறவில்லையே என்று பார்த்தேன். பிறகுதான் போன் பண்ணப் போனேன். நான்காம் நாள் அணைக்கருகில் அவரை எடுத்தார்கள். அடக்கத்தில் சவப்பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். டோலோரஸ் என் தோளில் சாய்ந்து அழுதாள். துப்பாக்கியை ஆற்றில் போடப் போவதை எமில் அவளிடமும் சொல்லியிருந்தாராம். "அப்பா நெனச்சத முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு, இல்லையா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆறுதல் சொல்வதில் என்ன தவறு?

அதோடு விட்டிருக்கலாம். அக்டோபரில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி வந்தது. கண்டெடுத்தபடியே, கைவைக்காமல் காத்தது என்று ஒரு பிரிவு உண்டு. அதில் பல வருடமாக எனக்கு இரண்டாம் பரிசுதான். ஏழு மாதம் அதை அலமாரிக்குள் வைத்து நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அந்தப் பையனுக்குச் செய்கிற நியாயமல்ல என்று தோன்றியது. நாலு பேர் பார்க்க வேண்டும். பச்சை வெல்வெட்டில் வைத்து, வலப்பக்கம் மேலே தெரியும்படி சாய்த்து, சின்ன விளக்கு ஒன்றும் வைத்தேன். வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு ஆகா என்றார்கள். நடுவர்கள் முதல் பரிசை வேறொரு ஆளுக்குக் கொடுத்தார்கள், பெட்டி பிரிக்காத ஜப்பானியத் துப்பாக்கி. அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

டோலோரஸ் கோவில் பெண்களோடு சமையல் பக்கம் பிரோகி விற்றுக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. எனக்காக ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள், வெங்காயம் அதிகம் போட்டு, எனக்குப் பிடித்தபடி. மேசையைப் பார்த்தாள். நான் தடுக்குமுன் துப்பாக்கியின் பிடியில் விரலை வைத்தாள், கையுறை இல்லாமல்.

"இது எங்க கெடச்சுது மாமா?"

"ஒஹாயோவுல ஒரு விதவைம்மாகிட்ட."

அவள் விரலை எடுக்கவே இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது எமில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குழியில் விரல் வைக்க விடுவாராம். இதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தட்டை என் முன்னால் வைத்தாள். "சாப்புடுங்க, ஆறிடும்" என்றாள். அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன். சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

எமில் இல்லாதது எனக்கு வருத்தம்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்கே போவதென்று தெரியவில்லை. ஆனால் நடந்ததை அவரவர் தராசுத் தட்டில் வைத்துப் பாருங்கள். அவர் ஒரு துப்பாக்கிக்காக ஒருவனைக் கொன்றார். நான் கொன்றது அதற்காக அல்ல. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் அதைச் செய்தது அந்தப் பையனுக்காக. அவனை நினைத்துப் பார்க்க இந்தப் பூமியில் ஓர் ஆள் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. வழக்கு முடிந்ததும் அதை உருக்கிவிடுவார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து நீதிபதியிடம் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அவனுக்கு யாருமில்லை.

பெயரா? டோலோரஸ் கேட்டனுப்பினாளா? கோவிலில் அவனுக்காக ஒரு பூசை சொல்ல வேண்டும் என்கிறாளா? நல்ல காரியம். எமில் என்னிடம் சொன்னார். சமையலறையில் ஒரு முறை, பாலத்தில் ஒரு முறை. ஒரு நிமிடம் இருங்கள்.

ஜெர்மானியப் பெயர்தான். இரண்டு சொல். முதல் எழுத்து... இல்லை, அது வரவில்லை. ஊர் பெயரும் வரவில்லை. அப்போது என் கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது.

துப்பாக்கியின் எண்ணைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது, ஏழு, மூன்று, நான்கு. தோட்டாக் கூட்டிலும் அதுவேதான்.